பெரிய சனியின் மௌனம்

பெரிய வெள்ளி சபா, சரவாக்கில் பொது விடுமுறை, பினாங்கில் இல்லை. நம் பள்ளி மணி அடிக்கும் அன்று கத்தோலிக்க ஆலயமணி ஒலிப்பதில்லை. மறுநாள் பெரிய சனி; பகலில் திருப்பலியும் இல்லை, பீடம் வெறுமையாயிருக்கும். அவ்வெறுமையில் சற்று அமரவும் நமக்குப் பொறுமையில்லை. வெள்ளி மாலையே ஈஸ்டர் வாழ்த்துகள் வந்துவிடுகின்றன!

உயிர்ப்பு ஞாயிறே துயரநாளானவர்களும் நம்மில் உண்டு. 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் சிறுவர் பலர் மாண்டனர். அத்தாய்மாரிடம், 'அவர் உயிர்த்தார், அழாதீர்கள்' என்று எந்த வாயால் கூறுவது?

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து மௌனம் காத்தனர். அவர்கள் செய்த நற்செயல் அது ஒன்றே. பேசத் தொடங்கியதும் கெடுத்துவிட்டனர்.

துக்கவீட்டிலிருந்து பள்ளிக்குத் திரும்பும் மாணவனிடம் நான் இப்பொழுதெல்லாம் எதுவும் கேட்பதில்லை. அருகே சற்று அமர்கிறேன்.