போனஸ் பணம் வீடு சேரும்வரை காவல் நிற்போம், தோழர்களே!

தோழர்களே, தீப்பெட்டி ஆபிஸ்களில் போனஸ் பட்டுவாடா தொடங்கிவிட்டது. தீபாவளி முடியும்வரை சங்கத்துக்கு ஓய்வு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போனஸ் சட்டம் 1965-இலேயே வந்தது. குறைந்தது 8.33 சதவீதம் தர வேண்டும் என்பது இன்று சட்டம். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் கணக்குப் பார்த்து, வாதாடி, தேவைப்பட்டால் ஆபிஸ் வாசலில் உட்கார்ந்துதான் அதை வாங்குகிறோம். வருஷம் முழுக்கக் கட்டை அடுக்கியும் பெட்டி அடைத்தும் நம் பெண்கள் சம்பாதித்த காசு அது. வாங்கிய ஒரு வாரத்தில் முகம் தெரியாத ஒருவன் செல்போன் வழியாக அதை உருவிக்கொண்டு போனால், நாம் போராடியது யாருக்காக? போனஸ் வாங்கித் தருவது சங்க வேலை என்றால், அது வீடு போய்ச் சேரும்வரை காவல் நிற்பதும் சங்க வேலைதான்.

பட்டாசிலிருந்து தொடங்குகிறேன். ‘சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி’ என்று பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் விளம்பரம் ஓடுகிறது. தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும். ஒருவன் வணக்கம் சொல்லி விலைப்பட்டியல் அனுப்புவான். புஸ்வாணம், சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு எல்லாம் படத்தோடு இருக்கும். பணம் போட்டதும் லாரி ரசீது மாதிரி ஒரு படம் வரும். மறுநாள், ‘பார்சல் வழியில் நிற்கிறது, ஜிஎஸ்டி கட்டினால்தான் விடுவார்கள்’ என்பான். அதையும் கட்டிய பிறகு அந்த நம்பரில் யாரும் எடுக்க மாட்டார்கள். ஆன்லைனில் ஆர்டர் எடுத்துப் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் தேதியே இ-காமர்ஸ் நிறுவனங்களுக்குத் தடை போட்டிருக்கிறது. இதை ஒவ்வொரு ஆபிஸ் வாசலிலும் சொல்லுங்கள். பத்து வீடு சேர்ந்து கோவில்பட்டியில் லைசென்ஸ் உள்ள கடைக்குப் போய், சரக்கைக் கையில் வாங்கிய பிறகு காசைக் கொடுப்போம்.

அடுத்தது சீட்டு. இதைப் பேசக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. சீட்டுப் பிடிக்கிற அக்கா நம் தெருக்காரர், நம்மோடு வேலை பார்ப்பவர், பல நேரம் நம் சொந்தம். வாரம் இவ்வளவு கட்டினால் தீபாவளிக்கு எண்ணெய், பலகாரம், பாத்திரம், தங்கக் காசு என்று மேலே இருப்பவன் சொன்னதை அவர் நம்பி நம்மிடம் சொல்கிறார். 2022 தீபாவளி சமயத்தில் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் தீபாவளி சீட்டு கட்டியவர்கள் தெருவில் வந்து நின்றார்கள். 2023 அக்டோபரில், பண்டிகைக்குச் சில வாரம் முன்பு, திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் பூட்டப்பட்டன. நகைத் திட்டத்தில் பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகாரோடு வரிசையில் நின்றார்கள். அங்கெல்லாம் ஏஜென்டாக இருந்தவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் ஆள் வந்திருக்கும். அதனால் அந்த அக்காவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போய், சீட்டுப் பதிவாளரிடம் பதிந்த எண் எங்கே, கட்டிய பணத்துக்கு ரசீது எங்கே என்று மேலே இருப்பவனிடம் கேளுங்கள். கேள்விக்குக் கோபப்படுகிறவனிடம் இன்னொரு தவணை கட்ட வேண்டாம்.

நம் ஊர் ஆட்டுச் சந்தைக்கு வருகிறேன். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குத் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் எங்கெங்கிருந்தோ வியாபாரிகள் வருகிறார்கள். மழையை நம்பி மானாவாரியில் விதைத்துவிட்டு, கைச்செலவுக்கு வழியில்லாமல் கன்னி ஆட்டையும் கொடி ஆட்டையும் ஓட்டி வருகிறவர் நம் கரிசல்காட்டுக்காரர். கருக்கிருட்டு, நெரிசல், அவசரம். விலை படிந்ததும் வாங்குகிறவன் ‘ஜிபே பண்ணிட்டேன் அண்ணாச்சி’ என்று தன் போனை நீட்டுகிறான். பச்சை டிக், தொகை, நேரம் எல்லாம் அதில் தெரிகிறது. அதே மாதிரி திரையைக் காட்டவென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன, தோழர்களே! அண்ணாச்சி கையில் இருப்பதோ பட்டன் போன். கணக்கு மகன் பேரில், மகன் திருப்பூரில். ஆடு வண்டி ஏறிவிட்டால் அதை எங்கே போய்த் தேடுவது? வாங்குகிறவன் போனில் தெரிவது ரசீதாகாது. மகனுக்குப் போன் போட்டு, கணக்கில் பணம் ஏறியதா என்று கேட்ட பிறகுதான் கயிற்றை விட வேண்டும். நோட்டாகக் கொடுத்தால் 500 ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க நம் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

சந்தைக்கு வெளியே இன்னும் இரண்டு எச்சரிக்கை. விவசாயி உதவித்தொகையான பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பைத் தொடவே கூடாது. தொட்டு ஏற்றினால் ஓடிபி உட்பட எல்லாம் அனுப்பியவன் கைக்குப் போய்விடும். அதேபோல, நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. போடச் சொல்கிறவன் திருடன்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது ஏமாந்தால் அவரைத் திட்டாதீர்கள். ‘இவ்வளவு படிச்சும் இப்படியா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்து ஏமாறுகிறவர் வாயே திறக்க மாட்டார். புருஷனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து இரண்டு நாள் மூடி வைக்கிறார்களே, அந்த இரண்டு நாளில்தான் பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறிக் காணாமல் போகிறது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அடித்தால், திருடன் எடுப்பதற்குள் வங்கியில் முடக்கி வைக்க வழி இருக்கிறது. போன தொகை, நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், இவ்வளவு கையில் இருந்தால் போதும். பேசத் தயங்குகிறவருக்காக நீங்கள் பக்கத்தில் இருந்து பேசுங்கள். பிறகு தூத்துக்குடி சைபர் குற்றக் காவல் நிலையத்துக்கும் கூடவே போங்கள்.

இன்று சாயங்காலமே வேலையைத் தொடங்குவோம். ஒவ்வொரு ஆபிஸிலும் இரண்டு பெண் தோழர்கள் பொறுப்பெடுங்கள். போனஸ் கொடுக்கும் நாளில் வாசலில் நின்று, 1930 என்ற எண்ணை எல்லோர் போனிலும் ஏற்றிக் கொடுங்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு ரேஷன் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுங்கள். ஸ்மார்ட் போன் தெரிந்த இளைஞர்கள் வருகிற சனிக்கிழமை சந்தை கூடும் முன்பே வந்துவிடுங்கள். சிவப்புத் துண்டோடு நில்லுங்கள், ஆடு விற்க வருகிறவர்கள் உங்களைத் தேடி வர வசதியாக இருக்கும்.