தெருவுக்குள் இறங்கும் வாசல்படி

நடந்து செல்பவரின் பாதுகாப்பு என்றதும் நகராட்சியையும் காவல்துறையையும் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறோம். அவர்கள்மீது குறை இல்லாமல் இல்லை. ஆனால் நம் மஹல்லாத் தெருக்களில் நடப்பவரை வாகனங்களுக்கு இடையே தள்ளிவிடுவது பெரும்பாலும் நாம்தான்.

புதிய வீட்டின் தரையை உயர்த்திக் கட்டுகிறோம். வண்டி ஏறுவதற்காகச் சாய்தளத்தை நான்கடி தெருவுக்குள் இறக்குகிறோம். அதன் அருகில் ஒரு பைக், அதையடுத்து ஒரு பூந்தொட்டி. அடுத்த வீட்டாரும் அவ்வாறே செய்கிறார். பஜ்ருக்குக் கைத்தடியுடன் செல்லும் முதியவரும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாயும் ஒவ்வொரு வாசலிலும் நடுத்தெருவுக்கு இறங்கி, மீண்டும் ஓரம் ஏற வேண்டியிருக்கிறது. பின்னால் வரும் ஆட்டோவுக்கு அவர்கள் எப்போது இறங்குவார்கள் என்பது தெரியாது.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது மதரஸாவில் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஹதீஸைக் கேட்டதும் நம் மனத்தில் தோன்றுவது முள்ளும் கல்லும்தான். நாமே சிமெண்டு பூசி நிலைநிறுத்திய இடையூறு தோன்றுவதில்லை.

நம் ஃபிக்ஹ் நூல்கள் இதில் மிகவும் கண்டிப்பானவை. தமிழகக் கரையோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் முதன்மை நூல்களுள் ஒன்று இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்'. ஹிஜ்ரி 676இல் மறைந்த அவர்கள், பொதுப் பாதையில் திண்ணை கட்டுவதையும் மரம் நடுவதையும் தடுக்கப்பட்டவை என்கிறார்கள். மாடியிலிருந்து நீட்டும் முகப்புகூட, கீழே ஒருவர் நிமிர்ந்து செல்லும் உயரத்தில் இருக்க வேண்டும். வணிகக் கூட்டங்கள் செல்லும் வழியானால், ஒட்டகத்தின் மேலுள்ள பல்லக்கும் இடிபடாமல் கடக்க வேண்டும். இடையூறு இல்லையெனில் திண்ணை கட்டலாம் என்ற கருத்தும் உண்டு. அதை அவர்கள் பலவீனமானதாகவே குறிப்பிடுகிறார்கள். விரிவுரையாளர்கள் கூறும் காரணங்கள் கவனிக்கத்தக்கவை. இன்று நெரிசல் இல்லாவிட்டாலும் நாளை ஏற்படலாம். மேலும், காலம் செல்லச் செல்ல அவ்விடம் சொந்த நிலம்போல் ஆகி, மக்களின் நடக்கும் உரிமை மறைந்துவிடும். நம் தெருக்களில் நடந்திருப்பது இதுவே அல்லவா?

நம் முன்னோர் இதை உணர்ந்தே ஊர் அமைத்தார்கள். காயல்பட்டினத்தில் பெண்கள் சங்கடமின்றி நடந்து செல்லத் தெருக்களுக்கிடையே 'முடுக்கு' என்னும் சிறு வழிகள் உண்டு. நிலத்தின் விலை ஏறிவிட்டது என்பதற்காக அந்த மனப்பான்மையை விட்டுவிட முடியுமா?

நாட்டின் சட்டமும் இப்போது இதையே சொல்கிறது. கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கூறியது. ஆயினும் அந்த உரிமையை நாம் நடைபாதைக் கடைக்காரரிடம் மட்டுமே கேட்கிறோம். அந்த ஏழையின் தள்ளுவண்டி இரவில் வீடு திரும்பிவிடும். நம் சாய்தளம் திரும்புவதில்லை.

ஜும்ஆ நாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூன்று தெரு தள்ளியிருப்பவரும் பைக்கில் வருகிறார். பள்ளிக்கு நடந்து வரும் ஒவ்வோர் எட்டுக்கும் நன்மை உண்டென்று அன்றைய பயானிலேயே கேட்டிருப்பார்! பள்ளிவாசலின் இருபுறமும் வண்டிகள் அடைத்து நிற்க, அவ்வழியே செல்லும் பிற சமயச் சகோதரியும் பள்ளிப் பிள்ளைகளும் நடுச்சாலையில் நடக்கிறார்கள். பாதையின் உரிமையை வலியுறுத்திய நபி (ஸல்) அவர்களின் உம்மத்தைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுவார்கள்?

தெரு சீராகும்வரை குடும்பத்தார் சிலவற்றைக் கடைப்பிடிப்பது நல்லது. நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும். குழந்தை சுவர்ப் பக்கம் இருக்கட்டும். இஷாவுக்குப் பின் கறுப்பு அபாயா அணிந்து செல்லும் பெண்கள் ஓட்டுநரின் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. கையில் எரியும் சிறு டார்ச்சோ, பையில் ஒட்டிய ஒளிரும் பட்டையோ போதும்; பர்தாவின் நோக்கம் அதனால் கெடுவதில்லை. நிகாப் அணிபவர் கடக்குமுன் தலையை முழுமையாகத் திருப்பிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பக்கப் பார்வை குறைந்துவிடுகிறது.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். வரும் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலின் முன்புறம் ஆறடி அகலத்துக்குக் கயிறு கட்டி, நடப்பவர்களுக்கென ஒதுக்குங்கள். இரண்டு இளைஞர்களை அங்கே நிறுத்துங்கள். வீடு கட்டும் மஹல்லாவாசிகளிடம், சாய்தளத்தைத் தம் மனைக்குள்ளேயே முடித்துக்கொள்ளும்படி அடித்தளம் இடும்போதே சொல்லுங்கள். கட்டி முடித்த பின் சொன்னால் யாரும் இடிக்கப் போவதில்லை.