உப்பு நம்மது, சமையல்?

மரக்காணம் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். உப்பளத்தில் வெயிலில் வெந்து உப்பு வாருவது ஒருத்தர். விலை சொல்வது வேறொருத்தர். நம்ம ஊர் கால்பந்தும் இதே கதைதான்.

ஹிரிஸ்டோ ஸ்டாய்ச்கோவ் 2003-ல் பூட்ஸைக் கழற்றினார். 2004-ல் பல்கேரிய தேசிய அணியையே தூக்கிக் கையில் கொடுத்தார்கள். சரிப்பட்டு வரவில்லை, 2007-ல் கிளம்பிவிட்டார். இருந்தாலும் நம்பிக் கொடுத்தார்களே!

நம்ம சையத் சபீர் பாஷா? இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர். சென்னையின் எஃப்.சி.யில் பல சீசன் துணைப் பயிற்சியாளர். 2022 பிப்ரவரியில் பாண்டோவிச் பாதியில் போனதும் கிடைத்தது ‘இடைக்கால’ நாற்காலி. சீசன் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து தாமஸ் பிர்தாரிச் வந்து இறங்கினார். 2014-ல் பிறந்த அந்த அணி, முழுப் பொறுப்பை ஓர் இந்தியரிடம், கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டாவிடம், தருவதற்கு 2025 ஆகிவிட்டது.

வெளிநாட்டுக்காரரே கூடாது என்று சொல்லவில்லை. 2015-ல் மாடராஸியும் 2018-ல் கிரிகரியும் கோப்பை வாங்கித் தந்தார்கள், மறுக்க முடியுமா? ஆனால் ஸ்டாய்ச்கோவுக்குக் கிடைத்த, தோற்றுப் பார்க்கும் வாய்ப்பு நம்மாளுக்கு ஏன் இல்லை?

உப்பு நம்மது. சமையல் மட்டும் எப்பவும் அடுத்த வீட்டுக்காரர்தானா?