எட்டு கோர் இருந்தும் அப்பாவின் போன் ஏன் அணைந்தது?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு அப்பாவைப் பத்து முறை அழைத்தேன். பதிலே இல்லை. அம்மா போன பிறகு ஜாசின் பக்கம் உள்ள தோட்டத்து வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்கிறார். இனிப்பு நீர், இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மலாக்கா நகரிலிருந்து காரை விரட்டிக்கொண்டு போனால், மனிதர் டிவி முன்னால் உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"போன் செத்துப் போச்சுய்யா. காலையிலதான் சார்ஜ் போட்டேன்" என்றார்.

வாங்கி நான்கே மாதமான போன் அது. "எட்டு கோர் அண்ணே, பேட்டரி நல்லா நிக்கும்" என்று கடைக்காரத் தம்பி சொன்னதை நம்பி வாங்கினேன். அந்த எட்டு கோரில் என்னதான் இருக்கிறது?

கோர் என்பது சில்லுக்குள் கணக்குப் போடும் ஒரு தொழிலாளி. ஆள் வேகமாக வேலை செய்ய வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை ஏற்ற வேண்டும். சிக்கல் அங்கேதான். செலவாகும் மின்சாரம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அழுத்தத்தை 30 விழுக்காடு குறைத்தால், அதே வேகத்திலும் செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். அதனால் நிதானமாக ஓடும் கோர் சிக்கனமானது.

நம் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்ற லாரி உண்டு. அதற்காகக் கடைக்குப் போய் ஒரு பாக்கெட் சீனி வாங்கி வர யாராவது லாரியை எடுப்பார்களா? மோட்டார் சைக்கிள் போதும். 2011 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆர்ம் நிறுவனம் அறிவித்த 'பிக் லிட்டில்' வடிவமைப்பு இதைத்தான் செய்தது. காணொளி விளையாட்டுக்குப் பெரிய கோர். வாட்ஸ்அப் தகவலுக்குச் சின்ன கோர். ஆப்பிளும் 2016-இல் ஐபோன் 7-இல் இரண்டு பெரியது, இரண்டு சின்னது என்று வைத்தது. இன்று பெரும்பாலான போன்களும் டேப்லெட்டுகளும் இப்படித்தான் ஓடுகின்றன.

ஆனால் விலை குறைந்த பல போன்களில் எட்டுமே சின்ன கோர்களாக இருக்கும். ஆகவே 'எட்டு' என்ற எண்ணை மட்டும் வைத்து வேகத்தையும் அளக்க முடியாது, பேட்டரியையும் அளக்க முடியாது.

அப்பாவின் போனில் அமைப்புகளைத் திறந்து பேட்டரி பக்கத்தைப் பார்த்தேன். திரையைவிட, வாட்ஸ்அப்பைவிட, முதல் இடத்தில் இருந்தது மொபைல் நெட்வொர்க். கோர்கள் பாவம், சும்மா இருந்திருக்கின்றன!

அவர் போனை வைப்பது பின்கட்டு அறையில். பின்னால் செம்பனைக் காடு. சிக்னல் ஒரு கோடு வரும், போகும். சிக்னல் மெலிந்தால் போன் கோபுரத்தை எட்டுவதற்குச் சத்தம் போட்டுக் கத்துகிறது, அதாவது அலைபரப்பும் ஆற்றலைக் கூட்டுகிறது. 5ஜி கிடைக்காத இடத்தில் அதைத் தேடித் தேடியும் களைக்கிறது. எப்பேர்ப்பட்ட சில்லாக இருந்தாலும் இந்தச் செலவைத் தடுக்க முடியாது.

அன்றிரவே இரண்டு வேலை செய்தேன். நெட்வொர்க்கை 4ஜிக்கு மாற்றினேன். முன்வாசல் சன்னல் ஓரம் மூன்று கோடு வரும் இடத்தில் ஒரு சின்னத் தட்டு அடித்து, போனுக்கு அதுதான் வீடு என்றேன். இப்போது இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் பாதி பேட்டரி மிச்சமிருக்கிறது.

திரும்பும் வழியில் அம்மாவை நினைத்துக்கொண்டேன். 80-களில் விடியற்காலை தொழிற்சாலை பஸ் ஏறி, பத்து பிரெண்டாமில் ஒரு சில்லு ஆலைக்கு வேலைக்குப் போனவர் அவர். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலை. அந்த வட்டாரத்தில் 1973-இல் சீமென்ஸ் தொடங்கிய ஆலை இன்று இன்ஃபினியோன் என்ற பெயரில் இயங்குகிறது. நம் தோட்டத்துப் பெண்கள் பலர் கண்ணைக் கொடுத்து வளர்த்த தொழில் இது. 2025 மார்ச்சில் மலேசிய அரசு அதே ஆர்ம் நிறுவனத்துடன் பத்து ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் ஒப்பந்தம் செய்திருக்கிறது. பொருத்துவதோடு நில்லாமல் சில்லை இங்கேயே வடிவமைக்க வேண்டும் என்பது நோக்கம். அறிவியல் பிரிவில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்.

இந்த வாரம் ஊருக்குப் போகிறவர்கள் அப்பா அம்மாவின் போனை ஐந்து நிமிடம் கையில் வாங்கிப் பாருங்கள். பேட்டரி பக்கத்தில் முதலில் நிற்பது எது? போனை வைக்கும் இடத்தில் எத்தனை கோடு? புதுப் போன் வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம்.