கரையைக் கண்ட கண்

நம் பகுதிப் பாடசாலைகளின் சித்திரப் பயிற்சிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பவர் எவரும் ஒன்றைக் கவனிப்பர். ‘இயற்கைக் காட்சி’ என்று தலைப்பிட்ட பக்கத்தில் இரண்டு மலைகள் நிற்கும். அவற்றின் இடுக்கில் ஞாயிறு எழும். மலையடியிலிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். அதன் அருகே ஒரு குடிசையும் ஒரு தென்னையும் இருக்கும். மருதமுனைப் பிள்ளையும் இதையே வரைகிறது. சாய்ந்தமருதுப் பிள்ளையும் இதையே வரைகிறது. கல்முனையில் மலை எங்கே இருக்கிறது? இங்கே ஞாயிறு கடலிலிருந்து எழுகிறது. மாலையில் வயல் வட்டைகளுக்கு அப்பால் மறைகிறது. இதை நாள்தோறும் காணும் பிள்ளை, தாளின் முன் அமர்ந்ததும் தான் காணாத மலையைத் தேடுவானேன்?

குற்றம் பிள்ளையுடையதன்று. அழகு என்பது வேறெங்கோ உள்ளது, அச்சிட்ட படத்தில் உள்ளது, பரீட்சையில் புள்ளி பெற்ற முன்னைய மாணவனின் தாளில் உள்ளது என்று நாமே அதற்குக் கற்பித்துவிட்டோம். கையைப் பழக்கினோம், கண்ணைப் பழக்க மறந்தோம். கண் பழகாத இடத்தில் கை இரவல் வாங்காமல் வேறென்ன செய்யும்?

இவ்விடத்தில் நம் நாட்டு ஓவியர் ஒருவரை நினைவுகூர விரும்புகிறேன். ஐவன் பீரிஸ் 1921-ஆம் ஆண்டு கொழும்பை அடுத்த தெஹிவளையில் பிறந்தவர். திரைப்பட மேதை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் இளைய சகோதரர். ஹரி பீரிஸ் என்னும் ஓவியரிடம் பயின்றார். 1943-இல் லயனல் வென்ட் முன்னின்று அமைத்த ‘43 குழு’வின் நிறுவக உறுப்பினருள் ஒருவரானார். ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தரணியகல முதலியோரும் அக்குழுவினரே. மேனாட்டு ஓவியத்தின் பழைய கல்விக்கூட மரபைப் பார்த்தெழுதுவதே கலை என்றிருந்த காலத்தில், இந்நாட்டுக்கு உரிய பார்வையொன்றைத் தேடியவர்கள் அவர்கள். அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று 1946-இல் இலண்டன் சென்ற ஐவன், 1949-இல் திரும்பினார். 1953-இல் மறுபடியும் இங்கிலாந்து சென்றார். தேம்ஸ் நதி கடலோடு கலக்கும் பகுதியிலுள்ள சவுத்எண்ட் நகரில் பின்னாட்களில் வாழ்ந்து, 1988-இல் மறைந்தார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் அந்நிய மண்ணில் வாழ்ந்த அவர் திரும்பத் திரும்பத் தீட்டியது எதை? இலங்கையின் கடற்கரையை! மணல், நீர், வானம் என்று குறுக்காகக் கிடக்கும் பட்டைகள், ஓரிரு மரங்கள், அலையை நோக்கி நிற்கும் தனி மனிதர் ஒருவர் அல்லது இருவர். அவ்வளவுதான். ஆயினும் அவ்வோவியங்களில் தோன்றும் அமைதியை எளிதில் மறக்க முடிவதில்லை. கண்ணெதிரே இல்லாத கரையை அவர் எவ்வாறு தீட்டினார் என்று எண்ணும்போது எனக்குத் தோன்றுவது இது: இளமையில் கண் சேமித்ததையே பிற்காலத்தில் நினைவு செலவிட முடியும். தெஹிவளைக் கரையைச் சிறுவனாக உற்று நோக்கியிராவிடில், சவுத்எண்டில் அவர் தீட்டுவதற்கு என்ன இருந்திருக்கும்?

நம் பிள்ளைகள் ஐவன் பீரிஸைப் பார்த்தெழுத வேண்டுமென நான் கூறவில்லை. அவருடைய கரை மேற்குக் கரை. ஞாயிறு கடலில் விழும் கரை. நம்முடையது ஞாயிறு பிறக்கும் கரை. கச்சான் வீசும் மாதங்களில் நம் கடலுக்கு ஒரு நிறம். வாடை வீசும் மாதங்களில் வேறொரு நிறம். பெரும்போகப் பயிர் அலைபாயும் வட்டை, அறுவடைக்குப்பின் தாளடி மட்டும் எஞ்சிய வட்டை, மாரி வெள்ளம் ஏறிய கிட்டங்கி, மணலில் இழுத்து வைத்த தோணி — இவை எவரிடமும் இரவல் வாங்க வேண்டாதவை.

ஓவியம் என்றதும் மார்க்கம் குறித்துத் தயங்குவோர் நம்மிடையே உளர். அத்தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உருவங்களை வரைந்து பிழைத்த ஒருவர் தம் தொழில் பற்றி வினவியபோது, மரத்தையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா வலீத் எழுப்பிய திமிஷ்கு பெரிய பள்ளிவாசலின் சுவர்களில் மரங்களும் ஆறும் மாளிகைகளும் வண்ணச் சில்லுகளால் அமைந்துள்ளன. மனித உருவமோ விலங்குருவமோ அங்கில்லை. நிலக்காட்சி நமக்கு அந்நியமான கலையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இதை நான் இன்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26-ஆம் நாள் காலையில் எழுந்த ஆழிப்பேரலை நம் மக்களோடு நம் கரையையும் கொண்டுபோயிற்று. வீடுகளும் ஒழுங்கைகளும் வேலிகளும் மரங்களுமாய் இருந்த கரை அது. குடும்பப் படங்களும் வீடுகளோடு போயின. அதன்பின் பிறந்த பிள்ளைகளே இன்று நம் உயர்தர வகுப்புகளில் இருக்கிறார்கள். பழைய கரை எப்படியிருந்தது என்று அவர்கள் கேட்டால், நாம் சொல்லால் விடை கூறலாம், காட்ட முடியுமோ? கண்டவர்கள் மறையுந்தோறும் அந்தக் கரையும் இன்னொரு முறை அழிகிறது.

ஆசிரிய அன்பர்களுக்கு நான் கூறுவது செலவில்லாத காரியமே. மாதத்தில் ஒரு சித்திர பாடத்தையேனும் வகுப்பறைக்கு வெளியே நடத்துங்கள். ஒரு மாதம் கரையில், மறு மாதம் வட்டையில். ஆங்கில நாட்டு நிலக்காட்சி ஓவியர் ஜோன் கொன்ஸ்டபிள் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் மேகங்களைத் தீட்டியபோது, தாளின் பின்புறத்தில் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்து வைத்தார். நம் மாணவரும் அவ்வாறே குறிக்கட்டும். மலை வரைந்த பிள்ளைக்குப் புள்ளி குறைக்க வேண்டாம், “இதை நீ எங்கே கண்டாய்?” என்று மட்டும் கேளுங்கள். பழைய கரையை அறிந்த முதியோரை அழைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல மூத்த மாணவர்கள் வரையட்டும். அத்தாள்களைப் பாடசாலையிலேயே பேணி வையுங்கள்.

அவர்களுள் ஓர் ஐவன் பீரிஸ் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். தொழிலுக்காகக் கடல் கடந்து செல்லவிருக்கும் நம் பிள்ளைகளின் நெஞ்சில், தாமே உற்றுப் பார்த்த ஒரு கரை இருக்கும். அந்தச் சேமிப்பை அவர்களுக்கு அளிப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.