வயலுக்குப் போட்ட சக்கரம் ரோட்டில் எதற்கு?

சம்பா நடவு தொடங்கிவிட்டால் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று, வயலில் சேறடிக்கும் டிராக்டரின் உறுமல். இன்னொன்று, அதே டிராக்டர் அடுத்த வயலுக்குத் தார் ரோட்டில் போகும்போது வரும் "கடகட கடகட". முதல் சத்தம் சோறு போடும். இரண்டாவது சத்தம்? ரோட்டுக்கு அடிக்கிற சாவு மணி!

வண்டி போன பிறகு ரோட்டைப் பாருங்கள். ஏணிப்படி மாதிரி வரிசையாக வெள்ளைக் கோடுகள். தார் பெயர்ந்து, உள்ளே இருக்கும் ஜல்லி பல்லைக் காட்டும்.

காரணம் கேஜ் வீல். வயல் பக்கமே போகாத நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இரண்டு இரும்பு வளையம், அவற்றுக்கு நடுவே குறுக்காகப் பற்றவைத்த ஆங்கிள் பட்டைகள். பின் டயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது முழு கேஜ் வீல். டயர் இருக்க, அதன் பக்கத்திலேயே சேர்த்து மாட்டுவது அரை கேஜ் வீல். ரப்பர் டயர் சேற்றில் வழுக்கும், புதையும். இரும்புப் பட்டையோ சேற்றைப் பிடித்துக்கொண்டு போகும், போகிற போக்கில் மண்ணைக் கூழாகவும் கலக்கும். அப்படிக் கலக்கிய சேற்றில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்காது. நாற்று நட அதுதான் வேண்டும். ஆக, நல்ல கருவி. அதன் மேல் யாருக்கும் கோபமில்லை.

கோபமெல்லாம் அது வரப்பைத் தாண்டி ரோட்டில் ஏறும்போதுதான்.

ஒரு டிராக்டர் சுமார் இரண்டு டன் எடை. ரப்பர் டயரில் போனால் அந்த எடை அகலமாகப் பரவிவிடும். டிராக்டரின் பின் டயரில் அடிக்கிற காற்றழுத்தம் காருக்கு அடிப்பதைவிடக் குறைவு. அதே எடை ஒரு இரும்புப் பட்டையின் விளிம்பில் இறங்கினால்? செருப்புக் காலால் மிதிப்பதற்கும் ஆணி முனையால் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம்.

2000-ல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட ரோடுகள் பலவற்றில் மேல் தார்ப்பூச்சின் கனம் வெறும் 20 மில்லிமீட்டர். அதற்குக் கீழே ஜல்லிதான். அந்த மெல்லிய பூச்சின் முக்கியமான வேலை மழைத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது. அதில் ஓட்டை விழுந்தால் ரோட்டின் கதை முடிந்தது. இதில் கொடுமை என்னவென்றால், கேஜ் வீல் ரோட்டில் ஓடுகிற காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஐப்பசியில் விழும் கீறல் கார்த்திகையில் பள்ளம், மார்கழியில் குட்டை.

கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டினால் நடவடிக்கை என்று மாவட்ட நிர்வாகங்கள் அறிவிப்பது புதிதல்ல. தெலங்கானாவிலும் இதே பிரச்சினை, இதே எச்சரிக்கை. பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவதற்கு எதிராக 1984-ல் மத்தியச் சட்டம் வந்தது, 1992-ல் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் "கடகட" நிற்கவில்லை. ஏன்? தடை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் வாதங்களைப் பார்ப்போம்.

வாதம் 1: "விவசாயி வயிற்றில் அடிக்காதீர்கள்."

இதில் உண்மை இருக்கிறது. ஒரு விவசாயியின் நிலம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இங்கே அரைக் காணி, வாய்க்கால் தாண்டி முக்கால் காணி. முழு கேஜ் வீலை ஒரு ஆள் தனியாகக் கழற்றி மாட்ட முடியாது. ஜாக்கி போட வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், நேரமும் ஆகும். வாடகையோ மணிக் கணக்கு. மதகு திறந்து தண்ணீர் வருகிற நாலு நாளைக்குள் எல்லோருக்கும் ஒரே அவசரம்.

சரி. ஆனால் அந்தச் செலவு மாயமாகவா மறைந்துவிடுகிறது? ஒருவர் செய்யும் வேலையின் செலவு அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் தலையில் விழுவதைப் பற்றி பிகூ என்ற பொருளாதார அறிஞர் 1920-லேயே விரிவாக எழுதிவிட்டார். பி.காம். பையன்கள் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகும் பாடம் :-) விருத்தாசலம் தாலுகாவுக்கு வந்தால் செய்முறை விளக்கமே கிடைக்கும். கழற்றி மாட்டும் கூலி உழவு வாடகையில் வரவில்லை. அதை யார் கட்டுகிறார்கள்? சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பெண். 108 ஆம்புலன்சில் குலுங்கிக்கொண்டு போகும் கர்ப்பிணி. ஒரு குழி நிலம்கூட இல்லாமல், அதே வயலில் நாற்று நட ஷேர் ஆட்டோவில் போகும் கூலிப் பெண்கள். நிலமே இல்லாதவர்கள் நிலத்துக்கான செலவைக் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் விவசாயி நலனா?

விருத்தாசலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இது பீங்கான் ஊர். அகல் விளக்கு, கொலு பொம்மை, மின்கம்பத்துக்கான இன்சுலேட்டர் எல்லாம் இங்கே சூளையிலிருந்து வெளியே வருபவை. கொலு வருவது புரட்டாசி, ஐப்பசியில். தீபம் வருவது கார்த்திகையில். சரக்கு வெளியே போகிற காலமும் ரோடு கிழிகிற காலமும் ஒன்றுதான். ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வெந்தும் உடையாத பொருள், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பள்ளத்தில் உடைந்தால் அந்த நஷ்டத்துக்கு எந்த டிராக்டர்காரரிடம் பில் அனுப்புவது?

வாதம் 2: "ஓவர்லோடு லாரியை விட்டுவிட்டு டிராக்டரை ஏன் பிடிக்கிறீர்கள்?"

பிடியுங்கள், அதையும் பிடியுங்கள்! யார் வேண்டாம் என்றது? பெரிய திருடன் வெளியே திரிகிறான் என்பதால் சின்னத் திருட்டு தானமாகிவிடாது.

வாதம் 3: "நடைமுறைக்கு ஒத்துவராது."

இதுதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம். நெல் அறுக்கும் பெல்ட் மெஷின் ஊர் விட்டு ஊர் எப்படிப் போகிறது? லாரியில் ஏறித்தான் போகிறது. லாரிச் செலவு அறுப்பு வாடகையில் சேர்ந்துவிட்டது. அறுப்புக்கு முடிந்தது உழவுக்கு மட்டும் ஏன் முடியாது?

உலகத்துக்கும் இது புதிதல்ல. அமெரிக்காவில் ஒரு காலத்தில் எல்லா டிராக்டருக்கும் இரும்புச் சக்கரம்தான். இரும்புப் பல் வைத்த டிராக்டர் இந்த ரோட்டில் வரக் கூடாது என்று பலகை வைத்தார்கள். 1932-ல் காற்றடைத்த ரப்பர் டயரோடு டிராக்டர் விற்பனைக்கு வந்தது. அதனால் விவசாயம் அழிந்துவிடவில்லை. ஜப்பானில் பனிக்காலத்துக்காக இரும்பு ஆணி பதித்த டயர் போட்டார்கள். அது ரோட்டைத் தேய்த்துத் தூசியைக் கிளப்பி மக்கள் இருமத் தொடங்கியதும் 1990-ல் சட்டம் போட்டு அடக்கினார்கள். அவ்வளவு ஏன், யாருமே இல்லாத பாலைவனத்தில்கூட இந்தக் கேள்வி வந்தது. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1942-ல் பயிற்சிக்கு ஓடிய ராணுவ டாங்கிகளின் தடம் இன்றும் தெரிகிறது. பொது நிலத்தில் வண்டி எங்கே ஓடலாம், எங்கே கூடாது என்று 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் உத்தரவே போட்டார். வெறும் மணலுக்கே அங்கே அவ்வளவு யோசித்தார்கள். இங்கே வரிப்பணத்தில் போட்ட ரோட்டுக்கு ஒரு யோசனையும் இல்லை.

ஆனால் இப்போது இருக்கிற மாதிரி தடை இருந்தும் பயனில்லை. எப்போதாவது ஒரு நாள் வண்டியை மறித்து, நாள் கூலிக்கு ஓட்டும் டிரைவரைத் திட்டி அனுப்புவதோடு வேலை முடிகிறது. வண்டி யாருடையது, வாடகை வாங்குவது யார் என்று யாரும் கேட்பதில்லை. அபராதம் உரிமையாளருக்குப் போக வேண்டும்.

இன்னொன்று, ஒரு உரிமையாளர் மட்டும் நியாயமாகக் கழற்றி மாட்டி வாடகையைக் கூட்டினால் என்ன ஆகும்? அடுத்தவர் மலிவாக ஓட்டி அவர் தொழிலைப் பிடுங்கிக்கொள்வார். நல்லவர் நஷ்டப்படுகிற சந்தை இது. அதனால் விதி எல்லோருக்கும் ஒரே நாளில் வர வேண்டும். ஆகஸ்ட் 15 கிராம சபை சம்பா நடவுக்கு முன்னாலேயே வருகிறது. கழற்றி மாட்டும் கூலியையும் சேர்த்து ஊருக்கு ஒரே வாடகையை அங்கேயே பேசி முடிக்கலாம். முழு கேஜ் வீல் என்றால் டிரெய்லரில் ஏற்றிப் போகட்டும். வேளாண்மைப் பொறியியல் துறை அதற்கு டிரெய்லர் வாடகைக்குக் கொடுக்கட்டும். அரை கேஜ் வீலை டயரைவிடச் சற்றுச் சின்னதாகச் செய்தால் சேற்றில் புதையும்போது மட்டும் வேலை செய்யும், கெட்டியான ரோட்டில் தரையைத் தொடாது. பட்டறைகளில் அந்த அளவில்தான் செய்ய வேண்டும் என்று சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சேற்றில் கால் வைக்கிறவர்களுக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஆனால் எந்த விவசாயியும் சேற்றுக் காலோடு தன் வீட்டுத் திண்ணையில் ஏற மாட்டார், வாசலில் கழுவிவிட்டுத்தான் ஏறுவார். ரோடு ஊருக்கே பொதுத் திண்ணை. அதில் ஏறும் முன்னாலும் கொஞ்சம் காலைக் கழுவச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.