கிழவனுக்கு ஓட்டல் எதற்கு?

"ரிடையரான மனிதனுக்கு ஓட்டலும் பொழுதுபோக்கும் எதற்கு? வீட்டுக் கஞ்சி போதாதா?" என்று கேட்கிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். போதாது ஐயா!

கோவை ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, ஷிப்டு மாறி மாறிப் பஞ்சுத் தூசியில் நின்றவன். அவன் வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிப் போயிருக்கும். மனைவியோடு ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிடவும், பேரனோடு காரம் ஆடவும், பழைய ஆர்மோனியத்தைத் தூசி தட்டவும் இப்போதுதானே அவனுக்குப் பொழுது கிடைத்திருக்கிறது! இதை ஆடம்பரம் என்பவர்கள் தங்கள் கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார்களா?

பொழுது கிடைத்தது, காசு? 1995-ல் வந்த தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில், 10 வருஷ சர்வீஸ் உள்ளவனுக்கு 58 வயதில் பென்ஷன். முதலாளியின் பங்கிலிருந்து 8.33 சதவிகிதம் அவன் பெயரில் போகிறது. யாருடைய தர்மமும் அதில் இல்லை. ஆனால், 2014-ல் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் ரூ.1,000. நாளுக்கு 33 ரூபாய்! ஆளுக்கொரு காப்பியோடு தீர்ந்தது.

சர்க்கார் ஊழியர் பென்ஷனுக்குப் பஞ்சப்படி உண்டு. (அவர்கள் போராடிப் பெற்றது, நல்லதுதான்.) ஆலைத் தொழிலாளியின் பென்ஷனுக்கு அது கிடையாது. அரிசிக் கடைக்காரர் இருவருக்கும் ஒரே விலைதான் சொல்கிறார். ஆயிரத்தை உயர்த்துவதோடு பஞ்சப்படியையும் சேர்த்தே கேட்க வேண்டும், தோழர்களே.